பழைய கோவாவில் இரண்டு நாட்கள்

தூத்துக்குடிக் கடற்கரையைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களில் சவேரியாரின் பெயர் வழங்காத வீடு அரிது. எங்கள் குடும்பத்திலும் என் பாட்டனார், சிறிய தந்தையார், என் மகன் என மூவர் அப்பெயரைத் தாங்கியவர்கள். ஆயினும் அப்பெயருக்கு உரியவர் துயில் கொள்ளும் ஊரை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. கல்யாணில் இரயில்வே குடியிருப்பில் பதினோர் ஆண்டுகளாக வாழ்ந்து வரும் எனக்கு அவ்வூர் ஓர் இரவுப் பயணத் தொலைவுதான். அருகில் இருப்பதை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது மனித இயல்பல்லவா? நானும் அவ்வாறே நாட்களைக் கடத்தி வந்தேன்.

தந்தையார் மறைந்தபின் என் தாயார் எங்களோடு வந்து தங்கினார். அந்தி மயங்கியதும் மெழுகுதிரி ஏற்றி ஜெபமாலை சொல்வது அவரது வாழ்நாள் வழக்கம். எங்கள் வீடுகளில் ஜெபமாலை பெரும்பாலும் தனியாகச் சொல்வதன்று. ஒருவர் மந்திரத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள். என் மனைவிக்கு மருத்துவமனையில் தாதிப் பணி. எனக்கோ முறை மாறி மாறி வரும் வேலை. ஒன்பது வயது மகனுக்கு மந்திரங்கள் ஆங்கிலத்தில்தான் தெரியும். பள்ளியில் கற்பித்தது அதுவே. ஆகவே பல நாட்களில் முன்பாதியையும் பின்பாதியையும் தாயாரே சொல்லிக்கொள்வார். வேலை முடிந்து வரும்போது கதவுக்கு வெளியே நின்று அந்த ஒற்றைக் குரலைக் கேட்டிருக்கிறேன். கேட்டும், அதற்காக நான் ஒன்றும் செய்ததில்லை.

2024ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை சவேரியாரின் திருவுடல் மக்கள் வணங்குவதற்காகக் கீழே இறக்கி வைக்கப்பட்டது. பத்தாண்டுக்கு ஒருமுறை நிகழும் காட்சி அது. தாயார் மூன்று மாதம் முன்னதாகவே புதுச் சேலை ஒன்று எடுத்து வைத்துக்கொண்டார். ஆனால் பண்டிகைக் காலத்தில் இரயில்வேயில் வேலை செய்பவனுக்கு விடுப்பு எளிதில் கிடைக்குமா? என் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை கையெழுத்தானபோது பிப்ரவரி பிறந்திருந்தது. வழக்கப்படி அடுத்த காட்சி 2034இல்தான். அப்போது தாயாருக்கு எழுபத்தெட்டு வயது ஆகியிருக்கும். நான் ஒன்றும் பேசாமல் பாஸுக்கு எழுதிக் கொடுத்தேன். அவரும் ஒன்றும் பேசாமல் அந்தச் சேலையையே பெட்டியில் எடுத்து வைத்தார். மனைவிக்கு விடுப்பில்லை. தாயார், மகன், நான் என மூவராகப் புறப்பட்டோம்.

வீடுகள் மறைந்த ஊர்

1998ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் முழுமையும் திறக்கப்பட்ட கொங்கண் இரயில் பாதை, ரோகாவிலிருந்து மங்களூரை அடுத்த தோக்கூர் வரை 741 கிலோமீட்டர் நீளமுடையது. நாங்கள் பன்வேலில் இரவு ஏறினோம். விடிந்தபோது இருபுறமும் பச்சை மலைகளும் செம்மண் சரிவுகளும் கண்ணில் பட்டன. பழைய கோவாவுக்கு அண்மையிலுள்ள நிலையம் கர்மலி. அங்கிருந்து ஆட்டோவில் சற்று நேரத்தில் போய்விடலாம்.

பழைய கோவா என்றதும் ஒரு பட்டணத்தை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். 1510ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் அல்புகெர்க்கே என்ற போர்த்துகீசியத் தளபதி, பீஜப்பூர் சுல்தானின் ஆட்சியிலிருந்து கைப்பற்றிய நகரம் இது. கீழ்த்திசையில் போர்த்துகீசியர் ஆண்ட இடங்கள் அனைத்திற்கும் தலைநகராக விளங்கியது. பின்னர் கொள்ளைநோய்கள் மீண்டும் மீண்டும் தாக்கின. மக்கள் வெளியேறினர். 1843இல் பணஜி முறைப்படி தலைநகராயிற்று. இன்று மாளிகைகளும் கடைவீதிகளும் போய், மரங்களுக்கும் புல்வெளிகளுக்கும் நடுவே கோயில்களும் மடங்களும் மட்டும் நிற்கின்றன. 1986இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

வெள்ளிப் பேழை

முதலில் போம் ஜேசுஸ் பேராலயத்திற்குச் சென்றோம். 'நல்ல இயேசு' என்பது அப்பெயரின் பொருள். சேசு சபையார் 1594இல் தொடங்கிய கட்டிடம் இது, 1605இல் அர்ச்சிக்கப்பட்டது. மற்றப் பெருங்கோயில்கள் பல வெண்சுண்ணம் பூசி விளங்க, இது பூச்சில்லாமல் செம்புரைக்கல் நிறத்திலேயே நிற்கிறது. உள்ளே பொன்முலாம் பூசிய உயர்ந்த பீடம். அதில் சேசு சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியாரின் பெரிய சொரூபம்.

சவேரியார் 1506இல் ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியில் பிறந்தவர். 1542 மே 6ஆம் நாள் கோவாவில் வந்திறங்கினார். பத்தே ஆண்டுகளில் முத்துக்குளித்துறை, மலாக்கா, மொலுக்கஸ் தீவுகள், ஜப்பான் என அலைந்து, 1552 டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில் உயிர்விட்டார். 1554இல் உடல் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இப்போது அது வலப்புறத்துச் சிறுகோயிலில், வெள்ளிப் பேழை ஒன்றினுள் இருக்கிறது. பேழை கோவாப் பொற்கொல்லர்களின் கைவேலை, 1637இல் முடிந்தது. அதனைத் தாங்கும் பளிங்கு மேடையோ இத்தாலியின் தஸ்கனி நாட்டரசர் மூன்றாம் கோசிமோ அனுப்பிய கொடை. பொஜினி என்ற சிற்பி செய்தது. 1698இல் இங்கே பொருத்தப்பட்டது.

இத்தனை சிறப்பும் உண்டு. ஆனால் மேடை உயர்ந்தது; பேழை அதன் உச்சியில் இருக்கிறது. தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு வெள்ளியின் ஒளி தெரியும். உள்ளிருப்பது தெளிவாகத் தெரியாது. ஒரு கண்ணில் புரை வளர்ந்திருக்கும் என் தாயார் வெகுநேரம் முகத்தை உயர்த்தியபடியே நின்றார். பின்னால் வந்த சுற்றுலாக் கூட்டம் கைப்பேசிகளை உயர்த்திக்கொண்டு எங்களை நெருக்கியது. "தெரிகிறதா அம்மா?" என்று கேட்டேன். "ஏதோ மினுக்கென்று தெரிகிறது ஐயா" என்றார். வெளியே வந்ததும் கல்படியில் அமர்ந்துவிட்டார். டிசம்பரில் அழைத்து வந்திருந்தால் அருகில் நின்று கண்டிருப்பாரே என்ற எண்ணம் என்னைக் குத்தியது.

கோபுரம் ஒன்று, மடங்கள் பல

சாலைக்கு அப்பால் சே பேராலயம். 'சே' என்றால் ஆயரின் பீடம். புனித கத்தரீனம்மாளுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1562இல் தொடங்கி 1619இல் கட்டிடம் முடிந்தது. ஏறத்தாழ 250 அடி நீளம். ஆசியாவின் பெரிய கோயில்களில் ஒன்று. முகப்பில் இரு கோபுரங்கள் இருந்தன. 1776இல் ஒன்று இடிந்து விழுந்தது; மீண்டும் கட்டப்படவில்லை. எஞ்சிய கோபுரத்தில் 'பொன்மணி' எனப்படும் பெருமணி தொங்குகிறது.

இக்கோயிலை அடுத்த வெளியில்தான் ஒரு காலத்தில் சமய விசாரணை மன்றத்தின் மாளிகை இருந்தது. இன்று அதன் சுவடும் இல்லை. ஆனால் சுவடு இல்லை என்பதால் அதை மறந்துவிட்டு நடப்பது நேர்மையாகாது. 1560இல் நிறுவப்பட்ட அம்மன்றம் 1812இல்தான் முடிவாக ஒழிந்தது. அத்தகைய மன்றம் வேண்டுமெனப் போர்த்துகல் மன்னருக்கு 1546இல் எழுதியவர்களுள் சவேரியாரும் ஒருவர். அக்காலத்தில் இப்பகுதியின் இந்துக் கோயில்கள் பல இடிக்கப்பட்டன. எங்கள் அலுவலகத்தில் பணிபுரியும் கோவா நண்பர் ஒருவரின் குலதெய்வம் மங்கேசர். குசஸ்தலி என்னும் ஊரிலிருந்த அந்த இலிங்கத்தை 1560இல் அடியார்கள் ஆறு கடந்து பிரியோலுக்குக் கொண்டுசென்று காத்தனர். "எங்கள் தெய்வமே ஊர் விட்டு ஊர் வந்தவர்தான்" என்று அவர் நகைத்துக்கொண்டே சொல்வார். அந்த நகைப்பு சே பேராலயத்து முற்றத்தில் என் நினைவுக்கு வந்தது. புனிதரென்று வணங்குகிறவரிடத்தும் ஒரு குறையைக் காண நேர்ந்தால், குறையை மறைப்பதும் சரியன்று, வணக்கத்தை விடுவதும் எனக்கு இயலவில்லை. இரண்டையும் சுமந்துகொண்டு நடந்தேன்.

அருகிலுள்ள புனித பிரான்சிஸ்கு அசிசியார் கோயில் 1661இல் இப்போதைய வடிவம் பெற்றது. அதன் தரை முழுதும் கல்லறைப் பலகைகள் பதித்திருக்கின்றன. அதையொட்டிய துறவியர் மடம் இன்று தொல்பொருள் காட்சிசாலை.

மேற்கே குன்றின்மேல் ஏறினால் புனித அகுஸ்தீன் மடத்தின் இடிபாடுகளைக் காணலாம். 1602இல் எழுப்பிய அதன் கோபுரம் 46 மீட்டர் உயரமாம். 1835இல் அரசாணையால் துறவியர் சபைகள் கோவாவிலிருந்து நீக்கப்பட, மடம் பாழடைந்தது. 1842இல் கோயிலின் கூரை இடிந்தது. 1931இல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பாதியும் சரிந்தன. மற்றப் பாதி தனியே நிற்கிறது. இவ்விடிபாட்டில்தான் 2004இல் ஓர் எலும்பு கிடைத்தது. 1624இல் பாரசீகத்தில் தம் விசுவாசத்தை விட மறுத்து உயிர்நீத்த ஜார்ஜிய நாட்டு அரசி கெத்தவானின் திருப்பண்டங்களில் ஒரு பகுதியை அகுஸ்தீன் சபைத் துறவியர் இங்கே கொண்டுவந்து வைத்ததாக ஏடுகள் கூறின. மரபணுச் சோதனை அக்கூற்றுக்குத் துணைநின்றது. 2021இல் இந்திய அரசு அதில் ஒரு பகுதியை ஜார்ஜியாவுக்கு அளித்தது. யாருக்கும் தெரியாமல் அயல்மண்ணில் கிடந்தவரைத் தேடி, ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் ஒரு நாடு காத்திருந்தது என்பது வியப்பல்லவா?

அதே குன்றில் புனித மோனிக்கம்மாள் கன்னியர் மடம் இருக்கிறது. 1606இல் தொடங்கி 1627இல் முடிந்தது. உதைசுவர்கள் தாங்கும் மூன்று மாடிக் கட்டிடம். துறவிகளை அனுப்பியதுபோல் கன்னியரை அரசு வெளியேற்றவில்லை. புதிதாக எவரும் சேரக்கூடாது என்று மட்டும் தடுத்துவிட்டது. ஒருவர் பின் ஒருவராக அவர்கள் மறைந்தனர். கடைசிக் கன்னிகை 1885இல் காலமானார். இன்று அம்மடம் மீண்டும் உயிர்பெற்றுக் கன்னியர்க்கான இறையியல் நிலையமாக விளங்குகிறது.

இக்கதையை நான் சொல்லி முடித்ததும் தாயார் அந்த நீண்ட சுவரைப் பார்த்தபடி, "கடைசியாக இருந்தவள் யாரோடு சேர்ந்து மந்திரம் சொல்லியிருப்பாள்?" என்று கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை. மகன் அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஒற்றை வாயில்

மாலையில் கடைசியாகக் கண்டது ஒரு வாயில் வளைவு. சாலையோரம் தனியே நிற்கிறது. பெரும்பாலோர் வண்டியை நிறுத்துவதுகூட இல்லை. தமிழர் கட்டாயம் நிற்க வேண்டிய இடம் அது. புனித சின்னப்பர் கல்லூரியில் எஞ்சியிருப்பது அவ்வளவுதான். 1556இல் அக்கல்லூரிக்குத்தான் இந்திய மண்ணின் முதல் அச்சியந்திரம் வந்து சேர்ந்தது. 1577இல் கோவாவில் தமிழ் எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு கொல்லத்தில், அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறியது. இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூல் அதுவே.

அதற்கும் முந்தியது சவேரியாரின் தமிழ். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவருக்கு நம் மொழி ஒரு சொல்லும் தெரியாது. போர்த்துகீசியமும் தமிழும் அறிந்தவர்களைக் கூட்டி, பரலோக மந்திரத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் தமிழில் ஆக்கச் செய்தார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து சிறுவர்களைச் சேர்த்துக் கற்பித்தார். கற்ற சிறுவர்கள் வீட்டிலே தாய்தந்தையர்க்குச் சொல்லிக்கொடுத்தனர். இதனை அவரே 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார்.

இன்னொரு செய்தியும் உண்டு. அந்த முதல் தமிழில் ஒரு பிழை இருந்தது. விசுவசிக்கிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், 'வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1544இல் தம் துணைவர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதமொன்றில் சவேரியார் இதைத் திருத்தச் சொல்கிறார். 'வேணும்' என்பது விருப்பத்தைக் குறிக்கும் சொல், விசுவாசத்தைக் குறிக்காது என்று காரணமும் காட்டுகிறார். தவறாகச் சொன்னார், கேட்டுத் தெரிந்துகொண்டார், திருத்திக்கொண்டார். அந்த வாயிலருகே நின்று இதனை மகனுக்குச் சொன்னபோது அவன் வாய்விட்டுச் சிரித்தான். "புனிதருக்கே தமிழ் தப்பாக வந்ததா?" என்று இரண்டு முறை கேட்டான்.

காலைப் பூசை

பணஜியில் ஓர் எளிய விடுதியில் இரவு தங்கினோம். மறுநாள் விடியற்காலையில் தாயார் அந்தப் புதுச் சேலையை உடுத்திக்கொண்டு, "இன்னொரு தடவை போவோம்" என்றார். நானும் அதையே எண்ணியிருந்தேன்.

போம் ஜேசுஸ் பேராலயம் அப்போது வேறொரு இடமாகத் தோன்றியது. கைப்பேசிகள் இல்லை, கூட்டம் இல்லை. வயது முதிர்ந்த உள்ளூர்ப் பெண்கள் வந்து அமர்ந்திருந்தனர். பூசை கொங்கணி மொழியில் நடந்தது. எங்களுக்குச் சொற்கள் விளங்கவில்லை. எந்த இடத்தில் எழுவது, எங்கே முழந்தாளிடுவது என்பது விளங்கியது. கோவா மக்கள் சவேரியாரைக் 'கோயஞ்சோ சாயிப்' என்று அழைக்கிறார்கள். கோவாவின் தலைவர் என்று பொருள். நாம் 'நம்முடையவர்' என்று நினைத்துக்கொண்டிருந்தவரை, இவர்களும் தம்முடையவர் என்று நினைத்திருக்கிறார்கள்!

பூசை முடிந்ததும் தாயார் சிறுகோயிலின் முன் முழந்தாளிட்டார். இம்முறை அவர் அண்ணாந்து பார்க்கவே இல்லை. கண்களை மூடி, ஜெபமாலையை எடுத்து, மெல்லிய குரலில் தமிழில் தொடங்கினார். மந்திரத்தின் முன்பாதியைச் சொன்னார். பின்பாதிக்காக வழக்கம்போல் தாமே மூச்செடுத்தார். அதற்குள், அருகில் இருந்த என் மகன் தொடங்கிவிட்டான்!

தினமும் அந்தியில் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக் கேட்டு அவனுக்கு அது எப்படியோ பதிந்திருக்கிறது. முழுமையாக இல்லை. நடுவில் ஒரு சொல்லைப் புரட்டினான். மற்றொரு சொல்லை விழுங்கினான். கடைசியில் நின்றுவிட்டுப் பாட்டியைப் பார்த்தான். தாயார் கண்ணைத் திறக்காமலே விட்டதை எடுத்துக் கொடுத்தார். அடுத்த முறை சற்று நன்றாக வந்தது. பத்து முறை அவ்வாறு சொன்னார்கள். நான் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். அவர்களோடு சேர்ந்து சொல்ல எனக்குக் குரல் எழவில்லை.

வெளியே வந்தபின், முந்திய நாள் அமர்ந்த அதே கல்படியில் தாயாரை உட்காரவைத்து, "சரியாகப் பார்க்க முடியவில்லையே அம்மா, வருத்தமா?" என்றேன். "அவர் படித்துக் கொடுத்ததை அவரிடமே ஒப்பித்துவிட்டேன், அது போதும்" என்றார். பிறகு பேரனைப் பார்த்து, "நீ தப்பாகச் சொன்னாலும் அவருக்குப் புரிந்திருக்கும் ஐயா, அவரும் அப்படித்தானே படித்தார்" என்றார்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு

நம் சங்கத்து அன்பர்களில் எம்மதத்தவராயினும் பழைய கோவாவுக்குச் செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள். இயன்றால் விடுமுறை நாட்களைத் தவிர்த்து, விடியற்காலையில் சென்றுவிடுங்கள். வெயில் ஏறியபின் கூட்டமும் ஏறும். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திக்கொள்ளுங்கள். கோயில்கள் ஒன்றுக்கொன்று நடை தூரம்தான். குன்றின் ஏற்றம் மட்டும் முதியோர்க்குச் சிரமம் தரும், அங்கே வண்டியில் செல்வது நலம். எல்லாக் கோயில்களையும் ஒரே நாளில் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். ஒன்றிலாவது அரைமணி நேரம் பேசாமல் உட்காருங்கள். படம் எடுப்பதற்கு முன் உட்காருவது நல்லது; எடுத்தபின் உட்காரத் தோன்றாது. ஒற்றை வாயிலைக் காணாமல் திரும்பாதீர்கள்.

வீட்டில் முதியோர் இருந்தால் அழைத்துச் செல்லுங்கள். நல்ல நாள், நல்ல காலம் என்று தள்ளிப்போடாதீர்கள். அவர்கள் சொல்லும் மந்திரமோ தேவாரமோ திருப்பாவையோ எதுவாயினும், அதன் மறுபாதியைச் சொல்ல வீட்டில் ஒரு பிள்ளை இருக்கட்டும். தவறாகச் சொன்னாலும் தாழ்வில்லை.

கல்யாணுக்குத் திரும்பிப் பல நாட்கள் ஆகிவிட்டன. மாலைப் பணி முடிந்து வரும்போது இன்றும் கதவுக்கு வெளியே ஒரு கணம் நிற்கிறேன். இரண்டு குரல்கள் கேட்கின்றன. சிறிய குரல் விசுவாசப் பிரமாணத்தின் நடுவில் இன்னும் தடுக்கி விழுகிறது. பெரிய குரல் காத்திருக்கிறது. இப்போதெல்லாம் நான் அதிக நேரம் வெளியே நிற்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று அமர்ந்துவிடுகிறேன்.